பக்கற்றின் பின்பக்கம்

ஆடி அமாவாசை கழிந்த மறுகிழமைதான் நான் முதன்முறையாக ஒரு பிஸ்கற் பக்கற்றை முழுவதும் வாசித்தேன். அதுவரை பக்கற்றில் நான் பார்ப்பது திகதி மட்டும். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, ஒன்றின்மேல் ஒன்று ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் அதை நகத்தால் கிளப்பி அடியிலிருக்கும் பழைய திகதி. எங்கள் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று பழைய பத்திரிகைகளில் தேடிக் குறித்து வைக்கிற பழக்கமுள்ள, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியனான எனக்கு மற்ற விவரமெல்லாம் இரண்டாம்பட்சம். பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வைத்தது மனைவியின் வயிறு.

அவள் மூதூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். நாங்கள் இருப்பது திருகோணமலை நகரத்தில். விடியற்காலை பஸ். கிண்ணியாப் பாலம், அதன்பின் இன்னும் பாலங்கள், களப்பு, வயல். ஏறினால் இறங்கும்வரை வழியில் ஒதுங்க ஓர் இடமில்லை. இரண்டு வருடமாக அவளுடைய வயிறு தன்பாட்டுக்கு நடந்தது. ஊதும், பிசையும், பிறகு திடீரென்று அவசரப்படுத்தும். ஒருநாள் பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்தி இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அதை என்னிடம் சொன்னதே பல நாள் கழித்துத்தான். ஸ்கான் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் குறையில்லை என்றே வந்தது. குறையில்லை என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி இருக்கும் ஒருவரைப் பார்த்தால், அறிக்கை எழுதியவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் வரும்.

அந்த வருடம் அவளுடைய அதிபர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வரும் ஆண்டிலிருந்து உயர்தர வகுப்புக்குக் கணிதம் எடுப்பீர்களா என்று. அந்தப் பாடசாலையில் உயர்தரக் கணிதம் தொடங்குவது அதுதான் முதல் தடவை. அதுவரை அங்குள்ள பிள்ளைகள் கணிதப் பிரிவுக்குப் போவதென்றால் நகரத்துக்கு வரவேண்டும். பெண்பிள்ளைகளைப் பல வீடுகளில் விடமாட்டார்கள். அந்த வகுப்புக்காகக் கேட்டு அலைந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. இப்போது வகுப்பு கிடைத்திருந்தது, வயிறு இடம்தரவில்லை. ஆண்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஏலாது என்றால் முன்கூட்டியே ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பதாக அவள் முடிவெடுத்திருந்தாள். அவள் எடுக்காவிட்டால் வகுப்புக்கு வேறு ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கடைசியில் கிளினிக்கில் ஒரு டொக்டர், இது குடலின் அமைப்பில் உள்ள நோய் இல்லை, அதன் குணத்தில் உள்ள நோய் என்றார். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் இளம்பெண் ஒருவர் இருந்தார். சில மாச்சத்துகளும் இனிப்புச்சத்துகளும் சிலருடைய சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் கீழே இறங்கிப் புளித்து வாயுவாகின்றன, அவற்றை எல்லாம் சேர்த்து ஃபொட்மாப் என்று சொல்வார்கள், சில கிழமைகளுக்கு அவற்றை முற்றாக நிறுத்திப் பார்ப்போம், வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து எது குற்றவாளி என்று பிடிப்போம் என்று விளக்கினார். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. விசாரணை மாதிரி இருந்தது. தந்த தாளை வாசித்தபோதுதான் முகம் சுருங்கியது. வெங்காயம், உள்ளி என்கிற வெள்ளைப்பூண்டு, கோதுமை, பால், பருப்பு வகை என்று தெரிந்தவை சில. மீதியெல்லாம் அப்பிள், பெயார்ஸ், நாங்கள் கண்ணாலும் காணாத ஏதேதோ காய்கள். பலாக்காயைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாரோ ஒருவருடைய குசினிக்கு எழுதிய தாளை எங்கள் குசினிக்குத் தந்திருந்தார்கள்.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். குசினி அவளுடையது. அங்கே என்ன நிறுத்துவது, எதை மாற்றுவது என்று அவள் பார்ப்பாள். பாடசாலை இடைவேளைக்குக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய, வெயிலில் பழுதாகாத, கன்ரீன் ரோல்ஸுக்கும் வடைக்கும் பதிலான ஏதாவது ஒன்றைக் கடையில் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

சந்தைக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கடை. கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்தவர். முதல்நாள் நான் பூதக்கண்ணாடியுடன் போய் அரைமணித்தியாலத்துக்கு மேலாகப் பிஸ்கற் அடுக்கிய றாக்கையின் முன் நின்றேன்.

“மாஸ்டர், நீங்க வாங்க வந்தனீங்களோ, வாசிக்க வந்தனீங்களோ?”

“வாசிச்சிட்டு வாங்குவம்.”

“வாசிக்கிறதெண்டா நூலகம் அங்கால. அங்க காசும் இல்ல, ஃபானும் ஓடும்.”

“இதில சுவையூட்டி எண்டு போட்டிருக்கு. என்ன சுவை எண்டு போடேல்லையே?”

“நல்ல சுவையாத்தான் இருக்கும். கெட்ட சுவையைக் காசு குடுத்து ஆர் போடப் போறான்?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பக்கற்றைத் திருப்பி வைத்தேன். அந்தச் சுவையூட்டி என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் ஒளிந்திருந்தது. வெங்காயத் தூளும் உள்ளித் தூளும் தங்கள் பெயரில் வருவது அபூர்வம். மசாலாக் கலவை, இயற்கைச் சுவை என்று போர்த்துக்கொண்டுதான் வருகின்றன. மூன்று மொழியில் அச்சடித்த பக்கற்றுகளில் தமிழ்ப் பந்தி மட்டும் குட்டையாக இருந்தால் ஆங்கிலத்தைத் தேடிப் போவேன். ஆங்கிலத்தில் பால்மா இருக்கும், தமிழில் இராது. உருளைக்கிழங்குச் சீவலில் பால்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. உடம்புக்கு நல்லது என்று பச்சை நிறத்தில் விற்கிற பிஸ்கற்றுகளை நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். மேலதிக நார்ச்சத்து என்று ஒரு வேரின் மாவைச் சேர்க்கிறார்கள். வேறு யாருக்கும் அது நல்லதாக இருக்கலாம், இவளுக்கு அது வாயு. பெருங்காயம் என்றிருந்தால் அதையும் விலக்கினேன். கடையில் விற்கிற பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மா என்று எங்கோ வாசித்திருந்தேன். முந்திரிப்பருப்பான கஜு கூடாது, நிலக்கடலையான கச்சான் கூடும் என்பதை நம்பவே எனக்குச் சில நாள் பிடித்தது. பார்த்தால் இரண்டும் ஒரே சாதிதான்.

தொலைபேசியில் ஒரு செயலி இறக்கினேன். பக்கற்றின் கோடுகளைக் காட்டினால் ஆகுமா ஆகாதா என்று சொல்லுமாம். எங்கள் கடைப் பக்கற்றுகளைக் காட்டினால் இந்தப் பொருளை நாங்கள் அறியோம் என்றது. அதையும் அழித்தேன்.

ஆவணியில் பாடசாலை விடுமுறை. அந்த நாட்களில் வீட்டில் சிவப்பரிசிப் பிட்டும், வெங்காயம் போடாத மீன்குழம்புமாக அவளுடைய வயிறு மெல்ல அடங்கியது. உணவு ஆலோசனைப் பெண் சொன்னது சரியென்று நான் முதல்முறையாக நம்பினேன். தவணை தொடங்கும்போது இடைவேளைக்கு என்ன கொண்டுபோவது என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

பதில் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தது. நாலு வீடு தள்ளி ஒரு பெண் முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். கணவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலை. அவருடைய முறுக்குப் பக்கற்றில் அரிசி முறுக்கு என்ற பெயரும், கீழே அரிசி மா, எள், உப்பு, தேங்காயெண்ணெய் என்று நான்கே பொருளும் அச்சிட்ட ஸ்ரிக்கர். இவ்வளவு சுருக்கமான பக்கற்றை நான் அதுவரை கண்டதில்லை. அதனாலேயே சந்தேகமும் வந்தது. நேரில் போனேன்.

“தங்கச்சி, இதுக்குள்ள வெங்காயம் கிங்காயம்...”

“முறுக்குக்கையோ? என்ன அண்ணை கதை இது. சோத்துக்க சீனி போடுறீங்களோ எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு.”

“உள்ளி?”

“இல்லை.”

“பெருங்காயம்? பால்? உழுந்து?”

“உழுந்து போட்டா விலை கட்டாது. வேணுமெண்டா உள்ள வந்து பாருங்கோ. பிறகு உங்கட சட்டையில எண்ணெய் மணம் எண்டு ரீச்சர் என்னை ஏசக்கூடாது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பில் ஒரு பெரிய பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் வெள்ளைத் துணியில் கட்டிய மாப் பொட்டலம். பக்கத்துச் சுளகில் அவித்த மாவை அரித்து வைத்திருந்தார். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன், அதில் வேறு எதுவும் பொரிப்பதில்லை என்று உறுதி வாங்கினேன். எள்ளை முகர்ந்தேன். மேசையில் இருந்த முறுக்கில் ஒன்றைக் கடித்தேன். வாயில் போட்டதும் கரைந்தது. திருப்தியோடு வீட்டுக்கு வந்து, ஊரில் ஒரேயொரு நேர்மையான பக்கற்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவிக்கு அறிவித்தேன்.

“பார்த்தீங்களோ?”

“என்ர ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான்.”

“அப்ப சரி,” என்றாள்.

தவணை தொடங்கிய இரண்டாம் கிழமையே வயிறு பழையபடி ஆனது. நவராத்திரி முழுவதும் அப்படி. கந்தசஷ்டிக்குள் அவள் மெலிந்துவிட்டாள். பாடசாலைக்குப் போகிற நாட்களில் மாலையில் வயிறு மேளம் மாதிரி இருக்கும். சனி ஞாயிறுகளில் கொஞ்சம் இறங்கும். அந்த வேறுபாட்டை நான் கவனித்தேன். வீட்டில் இல்லாத ஏதோ ஒன்று மூதூரில் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்த பிறகு அது போகவில்லை.

ஆசிரியர் அறையில் எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அவளுக்கு மிக நெருங்கிய இளம் ஆசிரியை ஒருவர் மூதூரைச் சேர்ந்தவர், கைமணம் உள்ளவர். அவர் சுடுகிற சமோசாவைப் பற்றி மனைவி முன்பு புகழ்ந்து பேசியதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர் என்று தினமும் கேட்கத் தொடங்கினேன். முறுக்குத்தான் என்பாள். அதோடு வேறு? பிளேன்ரீ. அதோடு? அவள் எழும்பிக் கொப்பி திருத்தப் போய்விடுவாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது கைப்பையைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் ஊறிய கடதாசி ஒன்று மடித்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். எள் மணந்தது. அதற்கப்பால் இன்னொரு மணமும் இருப்பதுபோலவே எனக்குப் பட்டது.

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஆறு கரையை மீறி, கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் பாதை அறுந்து, மூதூருக்குப் பஸ் நின்றது. பாடசாலைகளை மூடிவிட்டார்கள். நகரத்துக்குப் பொருட்கள் வருவதும் குறைந்தது. கடை றாக்கைகளில் இடைவெளி விழுந்தது. மனைவி பத்து நாளுக்கு மேல் வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் வயிறு சத்தம் போடவேயில்லை. அதிபர் தொலைபேசியில் விசாரித்தார். பாதை திறந்ததும் நேர அட்டவணை போட வேண்டும், உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்றார். இவள் இரண்டு நாள் தவணை கேட்டாள்.

அன்று பின்னேரம் நான் வாயைத் திறந்தேன்.

“பார்த்தீரோ, மூதூருக்குப் போகாத நாளில உமக்கு ஒண்டுமில்லை.”

“அதுக்கு?”

“அங்கதான் ஏதோ வாயில போகுது. உம்மோட படிப்பிக்கிற அந்தப் பிள்ளை அன்பாத் தாற சாமான் எண்டு நீர்...”

அவள் கதிரையை விட்டு எழுந்தாள்.

“இஞ்ச பாருங்கோ. அந்தப் பிள்ளை எனக்கெண்டு உப்பு மட்டும் போட்டு முட்டை அவிச்சுக் கொண்டு வாறவ. வெங்காயம் பட்ட கத்தியைக்கூடக் கழுவிப்போட்டுத்தான் என்ர வெள்ளரிக்காயை வெட்டுவா. இவ்வளவு நாளும் நீங்கள் பிஸ்கற்றைத்தான் விசாரிக்கிறீங்கள் எண்டு இருந்தன். என்ர கைப்பையைக் கிளறினதும் எனக்குத் தெரியும். நான் என்ன, உங்கட வீட்டில களவாச் சாப்பிடுற பூனையோ?”

நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே அப்போதும் எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. நாட்களும் வயிறும் அவ்வளவு பொருத்தமாக ஒத்துப்போயிருந்தன.

மறுநாள் காலை மழை விட்ட இடைவெளியில் முறுக்குக்காரப் பெண் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இந்த முறை முறுக்குக் கொஞ்சம் கல்லு மாதிரித்தான் வந்திருக்கு. ரீச்சரின்ர பல்லுக் கவனம்.”

“ஏன், என்ன நடந்தது?”

“கடையளில கோதம்ப மா முடிஞ்சு போச்சு. அவிச்ச மா கலக்காமல் தனி அரிசி மாவில சுட்டா இப்பிடித்தான் கடகட எண்டு கிடக்கும்.”

நான் பக்கற்றை வாங்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றேன்.

“அவிச்ச மா எண்டா... கோதுமையோ?”

குசினிக்குள் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. மனைவி வாசலுக்கு வந்தாள்.

“உலகத்தில ஒரு ஆம்பிளையாலதான் இந்தக் கேள்வியைக் கேக்க ஏலும்,” என்றாள். “அரிசி மாவை வறுப்பினம். கோதம்ப மாவைத்தான் அவிப்பினம். நீங்கள் அங்க போய்ப் பார்க்கேக்க என்ன பார்த்தனீங்கள்?”

நான் பார்த்ததெல்லாம் கண்முன் நின்றது. ஆவி விட்ட பானை, வெள்ளைத் துணி, சுளகில் அரித்த மா. பிறந்த நாளிலிருந்து வீட்டு அடுப்பில் கண்ட காட்சி என்பதால் எனக்கு அது ஒரு பொருளாகவே தெரியவில்லை. வெங்காயத்தையும் உள்ளியையும் தேடிய கண், அடுப்பின் நடுவில் வெந்துகொண்டிருந்த கோதுமையைத் தாண்டிப் போயிருக்கிறது. குசினியில் அவித்த மாவை முதல்நாளே நிறுத்தியவள் மனைவி. முறுக்கை அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டது நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதால்.

முறுக்குக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோதம்பதான், ஆனா அவிச்சாப் பிறகு அது வேறதானே அக்கா? பேக்கரிப் பாண்தான் வயித்துக்குக் கூடாது. அவிச்ச மாவைக் கைப்பிள்ளையளுக்கே குடுக்கிறம்.” பிறகு குரல் இறங்கியது. “ஐயோ, நான் ரீச்சருக்கு நஞ்சையோ குடுத்துக்கொண்டிருந்தனான்?”

“உங்களில ஒரு பிழையும் இல்லை. உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்று மனைவி அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு, இனி எல்லாம் சரி, இன்றைக்கே அதிபருக்குச் சொல்லும் என்றேன். அவள் தலையாட்டவில்லை.

“என்ன சரி? பாடசாலை இல்லை, பஸ் இல்லை, அலைச்சல் இல்லை, முறுக்கும் இல்லை. இவ்வளவும் ஒரே நேரத்தில மாறினா எதாலை சுகம் வந்தது எண்டு எப்பிடிச் சொல்லுறது? நேற்று நீங்கள் அந்தப் பிள்ளையைக் குற்றவாளி எண்டீங்கள். இண்டைக்கு மா எண்டுறீங்கள். ரெண்டும் ஒரே கணக்குத்தான், ஒரே பிழைதான். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க ஒண்டை மட்டும் மாத்திப் பார்க்க வேணும்.”

பேணியில் பழைய முறுக்கு மிச்சமிருந்தது. சனிக்கிழமை காலை, வழக்கமான இடைவேளை நேரத்துக்கு, வழக்கமான அளவை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். அன்று வேறு எதையும் மாற்றவில்லை. வேண்டாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நான் சொன்னேன். கடைசியில் இப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கத்தானே அங்கேயும் சொன்னார்கள் என்றாள். கடித்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. மெதுவாக, ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டாள்.

மத்தியானம்வரை ஒன்றுமில்லை. வெயில் வந்தது; நகரத்துக்குள் சுற்றித் திரிகிற மான்களில் இரண்டு ஒழுங்கைக்குள் வந்து மதிலோரம் நனைந்த வாழைத்தோலைத் தின்றன. நான் அவளைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் இருப்பதுமாக இருந்தேன். ஒன்றுமில்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். மாவும் இல்லை, பாடசாலையும் இல்லை என்றால் அடுத்து எதைச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லாமல் போகவேண்டும் என்றும் அதே நேரத்தில் நேர்ந்துகொண்டேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் பேனையை மூடி வைத்தாள். முகம் வெளிறியிருந்தது. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்ச் சுருண்டாள். நான் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவசரமாக எழும்பிப் போனாள். திரும்பி வந்தபோது கண்ணில் நீர் நின்றது. பக்கத்தில் இருந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய காலைப் பிடித்தேன்.

“போனை எடுத்துத் தாங்கோ,” என்றாள்.

டொக்டருக்கு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதிபரின் இலக்கத்தை அழுத்தினாள்.

“சேர், வணக்கம். ஓம், பாதை திறந்தது எண்டு கேள்விப்பட்டனான். திங்கள் வாறன். இல்லை சேர், சுகமில்லைத்தான். இப்பவும் நல்லா நோகுது, அதாலதான் எடுத்தனான்...” வலி ஒன்று வந்து போகும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். “உயர்தர வகுப்பை என்ர பேரில போடுங்கோ. ஓம், ரெண்டு வருசத்துக்கும். யோசிச்சுத்தான் சொல்லுறன். விளக்கம் நேரில சொல்லுறன்.”

போனை என்னிடம் நீட்டிவிட்டு, போத்தல் ஆறிப்போயிற்று, இன்னும் கொஞ்சம் சூடாக நிரப்பித் தாருங்கள் என்றாள்.